உதாரணம் சொல்லுங்க அங்கிள்

கல்பாக்கம் ஆபீஸ் பஸ்ஸிலிருந்து இறங்கி, நாளைய புரமோஷன் இன்டர்வியூ நினைப்பிலேயே மாடியேறி வந்த திருநாவுக்கரசு, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு சோபாவில் சாய்ந்தார்.

"கல்யாணி, காபி!"

சமையலறையில் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது.

தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த ஷபானா, அவர் மகள் சஹானாவின் வகுப்புத் தோழி, திருதிருவென்று விழித்தாள்.

"சஹானா எங்கம்மா?"

"வீட்லதான் இருக்கா அங்கிள்."

"சரி, என்ன படிக்கிற?"

"இங்கிலீஷ். 'இனட்வர்டன்ட்லி'ன்னா என்ன அங்கிள்?"

அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"லத்தீன்லேருந்து வந்தது. 'அட்வர்ட்டெரே'ன்னா கவனத்தைத் திருப்புறது. முன்னால 'இன்' சேர்ந்தா, திருப்பாம விடுறது. நினைப்பு வேற எங்கேயோ இருக்க, தெரியாத்தனமா ஒண்ணு செஞ்சுடுறோமே, அதான்."

"உதாரணம் சொல்லுங்க அங்கிள்."

அவர் யோசிப்பதற்குள் டீ வந்தது.

"காபிதானே கேட்டேன்?" என்று நிமிர்ந்தவர், சட்டென்று இரு கைகளாலும் பனியனை மறைத்துக்கொண்டார்.

டீயை நீட்டிக்கொண்டு நின்றவர் ஷபானாவின் அப்பா அன்வர்.

"நம்ம வூட்ல டீதான் சார். குவார்ட்டர்ஸ் எல்லாம் ஒரே மாதிரி கீது, இன்னா பண்றது? உங்க வூடு இதுக்கு மேல் மாடி. குடிச்சிட்டே போங்க."

ஷபானா உதாரணத்தை எழுத ஆரம்பித்திருந்தாள்.