வீட்டிலிருந்து வகுப்புக்கு

உலக உருண்டையைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தும் ஆலங்குடியையே காணோம், அப்புறம் நம்ம ஊர் எங்கே இருக்கும் என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் முகம் வாடி நின்றபோதுதான் சரண்யா டீச்சருக்கு அந்த யோசனை வந்தது.

ஆளுக்கொரு தாள் கொடுத்தாள். அவரவர் வீட்டிலிருந்து இந்த வகுப்புக்கு வருகிற வழியை வரையச் சொன்னாள். மேலே பறக்கும் காக்காய்க்கு எப்படித் தெரியுமோ, அப்படி.

பிள்ளைகள் தரையில் குப்புறப் படுத்து வரைந்தார்கள். முந்திரித் தோப்பு, பஸ் ஸ்டாப், ரேஷன் கடை, கடிக்கிற நாய் நிற்கும் முக்கு. அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

தாள்களை வாங்கிப் புரட்டியபோதுதான் கவனித்தாள்.

கேட் வரைக்கும் ஒவ்வொருவர் வழியும் ஒரு தினுசு. கேட்டைத் தாண்டியதும் எல்லாக் கோடும் ஒன்றுபோல வளைந்தது. மைதானத்தின் நடுவில் ஒரு வட்டம் போட்டு, அதைச் சுற்றிக்கொண்டு வகுப்புக்கு வந்திருந்தார்கள்.

ஜன்னல் வழியே பார்த்தாள். வெறும் மண் தரை, வெயில். ஜூனில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவள் தினமும் குறுக்கே நடந்து வருகிற இடம்.

“அது கெணறு டீச்சர்,” என்றாள் கலைமதி. “நீங்க மட்டுந்தான் அது மேல நடந்து வாறீங்க.”

தாள்களோடு பக்கத்து அறைக்குப் போனாள். தலைமையாசிரியர் ஆத்மநாதன் இதே பள்ளியில் படித்தவர். வட்டங்களைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

“நான் படிக்கிறப்பவே மண்ணு போட்டுத் தூத்தாச்சும்மா. எங்கூடப் படிச்ச புள்ள ஒன்னு விழுந்துருச்சு, அதோட மூடிட்டாங்க. இதுகளுக்கு யாரு சொன்னா?”

அவள் தாள்களைத் திரும்ப அடுக்கிக்கொண்டாள்.

வகுப்புக்குத் திரும்பி, பேச்சை மாற்றுகிற மாதிரி, பேர் சொல்லிக் கூப்பிட்டுத் தாள்களைத் திருப்பிக் கொடுத்தாள். எல்லோரும் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்த பிறகும் கையில் ஒரு தாள் மிச்சமிருந்தது.

அதில் பேர் இல்லை. வீடு, தெரு, கேட் எதுவுமே இல்லை.

கோடு வட்டத்துக்குள்ளிருந்து கிளம்பியது. எங்கேயும் வளையாமல் மைதானத்தைக் கடந்து, படியேறி, வகுப்புக்குள் நுழைந்து, டீச்சர் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

யாரோடது என்று கேட்க நிமிர்ந்தாள்.

பிள்ளைகள் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்கு இடது பக்கம், அவர்கள் உயரத்துக்கு, எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பக்கம் திரும்பாமலேயே, சரண்யா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.