மூக்கு அரித்தாலும் கையைத் தூக்காதே

"யாரும் கையைத் தூக்கக் கூடாது. மூக்கு அரிச்சாலும் சொறியக் கூடாது. புரியுதா?"

புல்வெளியில் கூடியிருந்த நாற்பது பேரையும் விரலை நீட்டி மிரட்டினாள் ரொட்டிக் கடை கோரல். மில்காரா ஊரில் அவள் பேச்சை மீறினால் மறுநாள் கருகின ரொட்டிதான் கிடைக்கும்.

ஏலத்துக்கு வந்திருந்தது, டல்சி பத்தொன்பது வருடமாக வாடகைக்கு இருக்கும் வீடு. வீட்டுச் சொந்தக்காரர் செத்துப்போக, வந்த விலைக்குத் தள்ளிவிடும் அவசரம் வாரிசுகளுக்கு.

மூன்று லட்சம் டாலர் போகும் வீடு. டல்சியிடம் இருந்ததோ இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். யாரும் போட்டிக்கு வராவிட்டால்தான் வீடு அவளுக்கு. ஊரில் வேறு வாடகை வீடே கிடையாது. இது கைநழுவினால் அறுபத்தெட்டு வயதில் ஆற்றோரத்தில் கேரவன் வண்டியில்தான் குடித்தனம்.

"வெளியூர்க்காரங்க யாராவது...?" என்று கோரலிடம் கேட்டாள் டல்சி.

"சிட்னி ஜோடி ஒண்ணு வந்துச்சு. தரைக்கட்டை பூரா கரையான்னேன். கார் கதவைக்கூடச் சரியா சாத்தாம ஓடிட்டாங்க!"

கூட்டம் சிரித்தது.

"உன் புருஷன் எங்க, கோரல்? ஏலத்துல சுட்டுத் தர்ற ஓசி சாசேஜை விடமாட்டாரே!" என்றார் தபால்காரர் மெர்வ்.

"நெவிலா? கன்னுக்குட்டியைக் காணோம்னு தண்ணித் தொட்டிக் குன்று மேல ஏறியிருக்காரு."

ஊருக்குள் செல்போன் எடுக்காது. ஏலக்காரர் டாரன், போனில் ஏலம் கேட்பவர்களுக்காக, சமையலறை ஜன்னல் வழியாக டல்சியின் தொலைபேசியையே வயரோடு இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "ஆரம்பிக்கலாமா?" என்றார்.

"இரண்டு லட்சம்!" என்றாள் டல்சி.

நாற்பது ஜோடிக் கைகளும் பாக்கெட்டுக்குள் பத்திரமாக இருந்தன.

"ஒரு தரம்..."

தொலைபேசி மணி அடித்தது. டாரன் எடுத்தார்.

"சத்தமா சொல்லுங்க சார், காத்துல ஒண்ணுமே விளங்கல... ஓ, சரி. இரண்டு லட்சத்து ஐயாயிரம்!"

டல்சி வெளுத்துப்போனாள். "இரண்டு... இரண்டு லட்சத்துப் பத்தாயிரம்."

டாரன் ரிசீவரைக் காதோடு அழுத்தினார். "இரண்டு லட்சத்துப் பதினைந்தாயிரம்!"

அதற்கு மேல் பணமில்லாத டல்சி, முடியாதென்று தலையாட்டினாள்.

மெர்வுக்குப் பொறுக்கவில்லை. மிச்சத்தைத் தான் போட்டாவது காப்பாற்றிவிடலாம் என்று கையை உயர்த்தப் போனார்.

"மெர்வ்! கை!" என்று அதட்டினாள் கோரல்.

பழக்க தோஷம். கை தானாகப் பாக்கெட்டுக்குள் போய்விட்டது.

"மூன்று தரம்!"

கூட்டம் டல்சியின் முகத்தைப் பார்க்காமல் கலைந்தது. கோரல் மட்டும் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். ஏப்ரன் நுனியால் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"எந்தப் பாவி கோரல் அது? நாசமாப் போவான்!" என்று விம்மினாள் டல்சி.

கோரல் அவள் முதுகை இதமாகத் தடவிக்கொடுத்தாள்.

"நெவிலைத் திட்டாத கண்ணு. அடுத்த மாசக் கடைசியில சாவியை மட்டும் எங்கிட்ட கொடுத்துடு."