கையுறைக்குப் பதில் ஊசி

நோய் எதிர்ப்பைக் கூட்டும் செயற்கைத் தைமஸ் ஊசி வந்த மாதமே, தோல் தொழிற்சாலையில் கையுறைகளைப் பிடுங்கிக்கொண்டார்கள். நோயே அண்டாத கைக்கு உறை எதற்காம். கிருமிக்கும் சுண்ணாம்புக்கும் வித்தியாசம் தெரியாத எந்தப் படித்த மேதாவியோ போட்ட உத்தரவு. மூன்று வருடமாகப் பச்சையம்மாளுக்குச் சளிகூடப் பிடிக்கவில்லை. சுண்ணாம்புத் தொட்டியில் தோல் அலசிய விரல்கள்தான் வழுவழுவென்று தேய்ந்துபோயின.

இன்று அடுத்த ஊசி. போடாதவர்களுக்கு நாளை முதல் வேலை இல்லை. அவள் நாலு தடவை கட்டைவிரலை வைத்தும் ஆள் அடையாளம் பார்க்கும் கைரேகைக் கருவியில் சிவப்பு விளக்குதான் எரிந்தது.

"ரேகையே இல்லியேம்மா. நீதான் பச்சையம்மான்னு எப்பிடி நம்புறது?" என்றான் கம்பெனி டாக்டர், மூக்கில் கைக்குட்டையை அழுத்தியபடி.

"நீயும் ஊசி போட்டுக்கினவன்தான சார்? இன்னாத்துக்கு மூக்க மூடிக்கினு கீற?"

"நாத்தம் தாங்கலம்மா."

"ஊசி நாத்தத்தத் தடுக்காதுன்னு ஒனக்குத் தெரியுது. சுண்ணாம்பத் தடுக்காதுன்னு மட்டும் தெரியலியா?"

டாக்டர் அவள் தலைக்கு மேலே பார்த்து, "அடுத்த ஆளு!" என்று கத்தினான்.

"கூப்புடு சார், நல்லா கூப்புடு" என்றாள் பச்சையம்மாள். "வர்றவங்க அத்தினி பேரும் எங்கூட அதே தொட்டியில நின்னவங்கதான்."