எந்தக் கதவைத் திறந்தாலும்

அந்தத் திகில் கேமில் இரண்டு கதவுகள். எதைத் திறந்தாலும் கதாநாயகி ஒரே கிணற்றில்தான் போய் விழுந்தாள். கேம்களுக்கு விமர்சனம் எழுதும் நறுமுகை கடுப்போடு தட்டச்சு செய்தாள்: “முடிவை முன்பே எழுதிவைத்துவிட்டு நம்மை எதற்குக் கேட்கிறார்கள்? துளியும் நம்பும்படி இல்லை.”

கைபேசி அடித்தது. பட்டுக் கடையிலிருந்து வருங்கால மாமியார்.

“முகூர்த்தப் புடவை பச்சையா, அரக்கா? உன் இஷ்டம்தாம்மா.”

“பச்சை, அத்தை.”

“அரக்குக்கே பில் போட்டாச்சு கண்ணு. உன்னை ஒரு வார்த்தை கேக்கலைன்னு நாளைக்கு யாரும் சொல்லிடக் கூடாது பாரு.”

திரையில் கதாநாயகி மறுபடியும் கதவுகளுக்கு முன்னால் நின்று, நறுமுகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘துளியும் நம்பும்படி இல்லை’ என்ற வரியை மட்டும் அவள் அழித்தாள்.