இடவலம் மாறிய பலகை

"எழுத்தெல்லாம் இடவலம் மாறி வருது பாரு. இதைக் கொண்டுபோய்க் கடையில மாட்டினா வர்றவங்க சிரிப்பாங்க."

சோதனைக்காகப் பொறித்த அட்டையைத் தூக்கிப் பிடித்தபடி அண்ணன் சொன்னார். அவர் சொந்தமாகப் பெயர்ப்பலகைக் கடை வைத்திருப்பவர். எழுத்தில் ஒரு புள்ளி பிசகினாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது.

சாப்பாட்டு மேசையின் மேல் தங்கை தானே பூட்டி முடித்த லேசர் மெஷின் உட்கார்ந்திருந்தது. அலுமினியச் சட்டம், இரண்டு பெல்ட், மோட்டார்கள், அவற்றையெல்லாம் ஆட்டி வைக்கும் உள்ளங்கை அளவு கன்ட்ரோல் போர்டு. ஜன்னலில் புகையை வெளியே தள்ள ஒரு ஃபேன். மெஷின் வந்த நாள் முதல் வீட்டில் எல்லோருக்கும் தட்டு மடியில்தான்.

இன்று சாயங்காலம் அவளுடைய கடைத் திறப்பு. வாசல் பலகையை அண்ணன் செய்து மாட்டிவிட்டார். உள்ளே மாட்டுவதை மட்டும் தன் மெஷினில் தானே பொறிப்பேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். காரணம் இருந்தது. தையல் படிக்கிறேன் என்று ஆரம்பித்து ஒரு கையோடு நின்றுபோன சட்டை இன்னும் அலமாரியில் இருக்கிறது. கிடார் பரணில் இருக்கிறது. வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயரே 'அரைக்கிணறு'. கடையையும் பாதியில் மூடிவிடுவாள் என்று சொந்தக்காரர்கள் இப்போதே ஆரூடம் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். இந்தப் பலகையாவது முழுசாக முடிந்து சுவரேற வேண்டும் என்று அவள் தவித்தாள்.

மெஷினும் அவளை லேசில் விடவில்லை. முதலில் கம்ப்யூட்டர் அந்தப் போர்டைக் கண்டுகொள்ளவே மாட்டேன் என்றது. கண்டுகொண்ட பிறகு, பத்து சென்டிமீட்டர் கோடு கேட்டால் எட்டு போட்டது. அளவுக் கணக்கைச் சாஃப்ட்வேரில் திருத்தினாள். மூலை திரும்பும்போதெல்லாம் மரம் கருகியது. வேகம் குறையும் இடத்தில் லேசரும் தணியும்படி ஒரு செட்டிங்கை மாற்றி அதையும் வழிக்குக் கொண்டுவந்தாள். மிச்சம் இருந்தது இந்த இடவலக் கோளாறுதான்.

"ஒரு மோட்டார் பிளக்கைத் திருப்பிச் சொருகியிருக்கே, அவ்வளவுதான்" என்று அண்ணன் கையை நீட்டினார்.

அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "கரண்ட் இருக்கும்போது பிடுங்காதே அண்ணா. போர்டே போயிடும்."

அவருக்கும் தெரிந்த விஷயம்தான், அவசரத்தில் மறந்துவிட்டார். நம்ம அரைக்கிணறா இப்படிப் பேசுகிறது என்று உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. அவள் சுவிட்சை அணைத்துவிட்டு, அட்டையை வாங்கிக்கொண்டு படுக்கையறைக்குள் போனாள். திரும்பி வந்தபோது முகத்தில் ஒரு தெளிவு.

"பிளக் அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. நல்ல பலகை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதில் போய் விளையாடாதே என்றார். மாப்பிள்ளையாவது எடுத்துச் சொல்லக்கூடாதா என்று அவள் கணவரைப் பார்த்தார். தீப்பிடித்தால் அணைக்க ஈரச் சாக்கோடு நின்றிருந்த அவர், தன் பொறுப்பு இந்தச் சாக்கோடு சரி என்று ஒதுங்கிக்கொண்டார்.

அவள் பலகையை வைத்து, லேசரை வலது ஓரத்துக்கு நகர்த்தி, ஃபேனைப் போட்டுவிட்டு ஓடவிட்டாள். நீலப் புள்ளி மரத்தைச் சுட்டுக்கொண்டே வலமிருந்து இடமாக ஊர்ந்தது. ஒவ்வொரு எழுத்தும் திரும்பி விழ விழ, அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் கிட்டே குனிந்து பார்க்காமல் இருக்க முடியவில்லை. சுழிகள் சுத்தமாக இருந்தன. மூலையில் கருகல் துளியும் இல்லை. அவர் கடை மெஷினே இப்படிப் பொறித்ததில்லை, அதை வாய்விட்டுச் சொல்லவும் சொன்னார்.

"வேலை அருமையா வந்திருக்கும்மா. அதான் இன்னும் வயித்தெரிச்சலா இருக்கு. இதை யாரு படிப்பாங்க?"

"படிக்க வேண்டியவங்க படிப்பாங்க அண்ணா."

இன்னும் நேரம் இருக்கிறது, என் கடையில் நேராக ஒன்று பொறித்துக் கொண்டுவருகிறேன் என்று அவர் கெஞ்சாத குறையாகக் கேட்டார். அவள் கேட்பதாக இல்லை.

சாயங்காலம் கூட்டம் வந்தது. பலகை உள்சுவரில் ஏறியிருந்தது. வந்தவர்கள் அதைப் பார்த்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆரூடம் சொன்ன சித்தப்பா, முதல் நாளே கோணல் என்று அண்ணன் காதில் விழும்படியே முணுமுணுத்தார். அண்ணனுக்குச் சுருக்கென்றது. தங்கையை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. புதுசா எதையோ யோசித்திருக்கிறாள், பொறுத்துப் பாருங்கள் என்று தனக்கே நம்பிக்கை இல்லாத ஒன்றைச் சொல்லிவைத்தார்.

"முதல் ஆள் நீதான், வா அண்ணா" என்று தங்கை கூப்பிட்டாள். அவரைச் சுழல் நாற்காலியில் உட்கார வைத்து, கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணியைக் கட்டி, கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டு நாற்காலியைத் திருப்பினாள்.

எதிர்ச்சுவரில் கண்ணாடி. அதற்குள் அவர் தலைக்கு மேலே, பின்சுவரில் இருந்த பலகை நேரான எழுத்தில் சொன்னது: 'நீங்கள் அழகுதான். முடியை மட்டும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.'