வாடாத பாதி

விவசாய ஆபீசரம்மா வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தியபோது, வாய்த்துடுக்கால் ஊரில் வெடிவாயர் என்று பேர் வாங்கிய வீட்டுக்காரர் குழாயடியில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

ஆபீசரம்மாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. நல்லா வேணும் இந்த மனுஷனுக்கு!

நான்கு மாதத்துக்கு முன்னால் புருஷனுக்கு ஒன்று, பெண்டாட்டிக்கு ஒன்று என்று இரண்டு பாக்கெட் பாக்டீரியாப் பொடி கொடுத்திருந்தார். விதையில் பூசி விதைத்தால், அந்த நல்ல பாக்டீரியா வேரைச் சுற்றிக் குடியேறி, கொண்டைக்கடலைச் செடியை வாட்டும் பூஞ்சையை அண்டவிடாது.

"கிருமியைக் கூப்பிட்டு வேருக்குக் காவல் வைக்கணுமா? நல்ல கதையா இருக்கே!" என்று தன் பாக்கெட்டைப் பரண்மேல் விட்டெறிந்தார் வெடிவாயர்.

பெண்டாட்டி விடவில்லை. வயலில் பாதி அவளுக்கு, பாதி அவருக்கு. தோற்றவர் ஒரு வருஷம் பாத்திரம் தேய்க்க வேண்டும் என்று பந்தயம்.

இப்போது அவள் பாதி பச்சைப் பசேல். அவர் பாதி விளக்குமாறு நட்டு வைத்த மாதிரி நின்றது.

"ஏண்ணே, அன்னிக்கு என்ன பேச்சுப் பேசினீங்க!"

"பேசினேன் மேடம். அதான் தேய்க்கிறேன்."

பெண்டாட்டி கையில் ஒரு தாளோடு வெளியே ஓடி வந்தாள். பத்து மணிக்கு மகளிர் குழுவிலிருந்து நாற்பது பேர் வயலைப் பார்க்க வருகிறார்கள். செய்முறை சொல்லப்போவது அவள்தான்.

"கல்யாணமாகி இருபது வருஷத்துல என்னை நாலு வார்த்தை பேசுன்னு யாரும் கேட்டதில்லை மேடம். சரியா வருதான்னு பாருங்க. சர்க்கரைத் தண்ணியைத் தளதளன்னு கொதிக்க வைக்கணும். சூடு ஆறுறதுக்குள்ள பொடியைப் போட்டு விதையோட கலக்கணும். அப்புறம் நல்ல வெயில்ல நாள் பூரா காயப்போடணும்!"

ஆபீசரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தச் சூட்டுக்கும் வெயிலுக்கும் பாக்டீரியா எங்கே பிழைத்திருக்கும்? அப்புறம் அந்தப் பாதி எப்படிப் பச்சையாக நிற்கிறது? நாற்பது பேரும் இதையே செய்தால் நாற்பது வயலும் போச்சு!

"அக்கா, அது வந்து..."

டமால்! குழாயடியில் அண்டா உருண்டது.

"ஒரு பாத்திரம் ஒழுங்கா தேய்க்கத் தெரியுதா பாருங்க!" என்று தலையில் அடித்துக்கொண்டு, தலைவார உள்ளே போனாள் அக்கா.

வெடிவாயர் ஈரக் கையோடு ஓடி வந்தார். ஜன்னல் மேலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து நீட்டினார்.

"அவகிட்ட சொல்லிடாதீங்க மேடம். பாக்கெட்டுக்குப் பின்னாடி இருக்கிறதை நாப்பது காப்பி எடுத்திருக்கேன். ஆறின தண்ணி, நிழல்ல உலர்த்துறது, எல்லாம் இருக்கு. ஆபீஸ்ல புதுசா வந்த முறைன்னு நீங்களே கொடுத்துடுங்க."

"உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"குத்தம் கண்டுபிடிக்கலாம்னுதான் பரண்ல இருந்து எடுத்துப் படிச்சேன். படிச்சா பகீர்னுச்சு. அவ விதை வாசல்ல வெயில்ல காயுது. பந்தயத்தை ஊரெல்லாம் வேற சொல்லி வச்சிருக்கா. அவ குழுக் கூட்டத்துக்குப் போனதும், முறைப்படி கலந்து அவ விதையில பூசி, நிழல்ல உலர்த்திப் பழையபடி வச்சுட்டேன்."

"அப்படியே உங்க விதைக்கும் பூசியிருக்கலாமேண்ணே?"

வெடிவாயர் மறுபடி குழாயடிக்குப் போய் அண்டாவை நிமிர்த்தி வைத்தார்.

"இருந்தது ஒரு பாக்கெட்டுதானே மேடம்."