துவைக்காத சட்டை

தன் நீலச் சட்டையை மனைவி எவனோ ஒரு நாய்க்காரனிடம் எடுத்துக் கொடுப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்ததும் அவருக்கு வயிறு எரிந்தது. அதுவும் நேற்றுப் போட்டுக் கழற்றிய, துவைக்காத சட்டை.

அந்த நாய்க்காரன் அதைக் கையால் தொடவில்லை. இடுக்கியால் கவ்வி பிளாஸ்டிக் உறையில் போட்டு, வாயை ஒட்டினான். தன் வாசனை அதில் ஒட்டினால் நாய் குழம்பிவிடும் என்று தெரிந்தவன்தான். காணாமல் போனவர்களைத் தேட நாய் பழக்குகிற தொழிலில் அவரும் பழம் தின்று கொட்டை போட்டவர். அவருக்கா தெரியாது?

ஆத்திரம் அதற்கல்ல. ஆள் வாட்டசாட்டமாக இருந்தான். அவன் தோளில் ஒட்டியிருந்த நாய் முடியை அவள் தட்டிவிட்டாள். வேலை முடிந்து வரும்போதெல்லாம் அவருக்கு மட்டும் அவள் செய்கிற காரியம் அது. பிறகு டீ கொடுத்தாள். அவருடைய கோப்பையில்!

அவன் போனதும் சமையலறைக்குள் புகுந்தார்.

"யாரு அவன்?"

அவள் பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை. "காலையிலதானேங்க சொன்னேன்."

"சொன்ன, சொன்ன. என் சட்டை எதுக்கு அவனுக்கு?"

"நாயைப் பழக்கத்தான்."

"காணாமப் போனவங்க சட்டையைத்தானே எடுப்பாங்க? நான்தான் குத்துக்கல்லாட்டம் இங்க நிக்கிறேனே!"

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். கண் கலங்கியது. குட்டு உடைந்துவிட்டது என்று அவர் முடிவு கட்டினார்.

"பையன் ஸ்கூல் விட்டு வர்ற நேரம். அவன் கண்ணுல இதெல்லாம் படணுமா?" என்று பல்லைக் கடித்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கொஞ்ச நாளாகவே இப்படித்தான். அவருடைய லீவு எப்போது முடிகிறது என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறாள். வாசல் கதவின் உச்சியில் புதிதாக ஒரு தாழ்ப்பாள் வேறு போட்டிருக்கிறாள். புருஷனை உள்ளே வைத்துவிட்டு வெளியே கூத்தடிக்கவா?

அவள் துணி காயப்போட மாடிக்குப் போனபோது தாழ்ப்பாள் திறந்திருந்தது. அவர் நழுவினார். அந்தப் பயல் நாய் பழக்குகிற மைதானத்துக்கே போய், சட்டையைப் பிடுங்கிக்கொண்டு, நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

தெருமுனைத் தையல் கடையைத் தாண்டித் திரும்பினால் மைதானம். தையல் கடையைக் காணோம். அங்கே ஒரு மருந்துக் கடை முளைத்திருந்தது. அவர் ஒரு பக்கம் திரும்பினார், மறுபடி இன்னொரு பக்கம் திரும்பினார். எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி மதில்கள்.

கடைசியில் பூட்டிய கிடங்கு ஒன்றின் படியில் உட்கார்ந்தார். உள்ளங்கால் எரிந்தபோதுதான் செருப்புப் போடாமல் வந்தது தெரிந்தது. இருக்கிற கோபத்தில் செருப்பா ஞாபகம் வரும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

வெயில் சாய்ந்த பிறகு எங்கிருந்தோ விசில் கேட்டது. நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு.

அவருடைய விசில்! நாயைக் கூப்பிட அவராகவே உண்டாக்கியது. அவர் வீட்டைத் தாண்டி யாருக்கும் தெரியாது. பெண்டாட்டி, சட்டை, கோப்பை எல்லாம் போதாதென்று அந்தப் பயல் இதையும் அமுக்கிவிட்டானா?

பழுப்பு நாய் ஒன்று மூக்கைத் தரையோடு வைத்தபடி வந்தது. வழியில் நின்றவர்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராக அவரிடம் வந்து, முழங்காலை முகர்ந்து, எதிரே உட்கார்ந்து ஒரே ஒரு தரம் குரைத்தது. தேடிய ஆளைக் கண்டுபிடித்தால் அப்படித்தான் உட்கார வேண்டும். "சபாஷ்!" என்று அவர் வாய் தானாகச் சொன்னது, கை பிஸ்கட்டுக்காகச் சட்டைப் பையைத் துழாவியது.

பின்னாலேயே நாய்க்காரன் மூச்சிரைக்க ஓடி வந்தான். ஒரு கையில் அந்த உறை, இன்னொரு கையில் ஒரு ஜோடி செருப்பு. அவனுக்குப் பின்னால் அவள், அழுதபடி.

"வாடா வா! என் பொண்டாட்டிய மயக்கின, சட்டையத் தூக்கிட்டுப் போன. என் விசிலையுமா திருடுவ? எங்கடா கத்துக்கிட்ட அதை?"

அவன் சண்டைக்கு வரவில்லை. மண்டியிட்டு அவர் காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, செருப்பை மாட்டினான். அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தான்.

"நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க, அப்பா."